மேல்சூடு: ஜோகூர் பாருவில் வாழைப்பழ ரொட்டியின் கதை

வாழைப்பழ ரொட்டியின் கதையைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் பழத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஜோகூரில் பழத்துக்கு என்ன பஞ்சம்? மூவார், சிகாமட், குளுவாங் பக்கமெல்லாம் பெராங்கான், மாஸ், நங்கா, ரஸ்தாளி என்று தார் தாராகக் காய்த்தது. கம்போங் வீடுகளின் பின்புறம் யாரும் நட்டதாக நினைவில்லாத வாழை தானாக நின்றது. எங்கள் ஊரில் அரிதாக இருந்தது ஓவன். மேலும் கீழும் ஒரே சீராகச் சூடு தருகிற அடுப்பு எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்று விசாரித்துக்கொண்டு போனால், ஜோகூர் பாருவின் பாதிக் கதை தானாகவே வந்துவிடும்.

நான் பிறந்தது 1950களின் கடைசியில், ரயில்வே குடியிருப்பு ஒன்றில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் குசினியில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் பின்கட்டில் ஒரு விறகடுப்பும் இருந்தன. இரண்டுமே கீழிருந்து எரிபவை. நம் சமையலை யோசித்துப் பாருங்கள்: தோசை, ஆப்பம், இட்லி, பணியாரம் எதற்கும் தீ கீழேதான். மேலே வேக வேண்டுமென்றால் மூடி போட்டு ஆவியை விடுவோம், இல்லாவிட்டால் திருப்பிப் போடுவோம். மேலிருந்து சூடு இறங்குவதை நான் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாக்சிக்கிடம். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது பாஹுலு சுடுவார். பூ வடிவக் குழிகள் கொண்ட பித்தளை அச்சு, அடியில் தணல், கனத்த மூடியின் மேலும் தணல். முட்டையும் சர்க்கரையும் மாவும் அடித்த கூழ் உள்ளே உப்பி மேலே பொன்னிறமாக வரும். அந்த அச்சுதான் அவர்கள் வீட்டு ஓவன். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி பாஹுலு வரும். ஊருக்கே ரொட்டி சுட அது போதாது.

ஊருக்குச் சுட்ட அடுப்புகள் கடைத்தெருவில் இருந்தன. ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஜாலான் தான் ஹியோக் நீ. அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்தவர் தியோச்சூ சீனர். மிளகும் காம்பியரும் பயிரிடும் ஆற்றங்கரைகளைக் கையில் வைத்திருந்த காங்சூக்களில் பெரும்புள்ளி. தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் 1855இல் தஞ்சோங் புத்ரி என்ற கிராமத்தில் ஊரை அமைத்தார். அவர் மகன் அபு பக்கார் 1866இல் அதற்கு ஜோகூர் பாரு என்று பெயரிட்டார். காட்டை அழித்துக் காசாக்கும் வேலையைச் சீனர்களிடம் ஆற்றுக்கு ஒருவராகக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தக் காங்சூ முறை 1917இல் சட்டப்படி முடிந்தது. காம்பியர் போன இடத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1919இல், அதே தெருவில் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை தொடங்கியது. இன்றும் 13ஆம் எண் கடையில் விறகடுப்பில்தான் சுடுகிறார்கள். வாழைப்பழ கேக் என்றால் ஜோகூர் பாருவில் மட்டுமல்ல, சிங்கப்பூரிலும் ஆட்கள் சொல்லும் பெயர் அதுதான். வார இறுதியில் வரிசையில் நின்று பாருங்கள், முக்கால்வாசிப் பேர் பாலம் தாண்டி வந்தவர்களாக இருப்பார்கள்.

1919இல் அந்தப் பாலமே கிடையாது. ரயில் 1909இல் ஜோகூர் வழியாக ஓடத் தொடங்கியிருந்தாலும், சிங்கப்பூருக்கும் நமக்கும் நடுவே ஜலசந்தியைப் படகில்தான் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் முதல் சரக்கு ரயில் போனது 1923 செப்டம்பரில், முறையான திறப்பு விழா 1924 ஜூனில். கோதுமை மலாயாவில் விளைவதில்லை. எங்கோ அறுத்து அரைத்த மாவு கப்பலேறி வர வேண்டும். ஆகவே அந்தக் காலத்து ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் சுடுகிற ஒவ்வொரு தட்டிலும் பழம் உள்ளூர், தேங்காய் உள்ளூர், விறகு உள்ளூர், மாவு மட்டும் சீமைச் சரக்கு.

ரொட்டித் தொழிலில் ஹைனானியர் பெயர் அடிபடுவதற்கும் காரணம் உண்டு. ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலில் தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனியர், ஹைனானியர் என ஐந்து பிரிவினருக்கும் இடம் இருக்கிறது. அவர்களில் மலாயாவுக்குப் பிந்தி வந்தவர்கள் ஹைனானியர். நல்ல வியாபாரங்களை மற்றவர்கள் பிடித்துவிட்டிருந்தார்கள். இவர்கள் வெள்ளைக்காரர் பங்களாக்களிலும் கப்பல்களிலும் சமையலுக்குப் போனார்கள். ஓவனைக் கையாளக் கற்றது அங்கேதான். வெளியே வந்ததும் கோப்பிக் கடையும் ரொட்டிக் கடையும் போட்டார்கள். குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடை 1938இலிருந்து நடக்கிறது. அங்கே தணலில் வாட்டிய பன்னில் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமும் வெண்ணெயும் தடவித் தருவார்கள். அப்பாவுக்குக் குளுவாங் பக்கம் வேலை விழுந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். தோட்டங்களில் துரை பங்களா குசினியில் நம் ஆட்களும் இருந்தார்கள். ரோஸ்ட்டும் புட்டிங்கும் செய்தார்கள். ஆனால் அவர்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது ஓவன் பங்களாவிலேயே இருந்துவிடும். கடை போட முதலும் இல்லை, கடைத்தெருவில் இடமும் இல்லை. இதை வெறும் தொழில் சாமர்த்தியக் குறைவு என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவேன்.

தமிழ் பேசுகிறவர்கள் கையில் ரொட்டி அறவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜாலான் டோபியில் சலாஹுதீன் பேக்கரி இருக்கிறது, 1937இல் தொடங்கிய இந்திய முஸ்லிம் கடை. அதுவும் விறகடுப்புத்தான். அங்கே பன்னும் ரொட்டியும் கறி பாப்பும் வாங்காத ரயில்வே குடும்பம் கிடையாது. எங்கள் குடியிருப்புக்குச் சாயங்காலம் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவார். பின்னால் தகரப் பெட்டி, பக்கவாட்டில் தொங்கும் பாக்கெட்டுகள். ரொட்டியை நம் கண்ணெதிரே கீறி காயா தடவிக் கொடுப்பார். "காக்கா, தேங்காய் பன் இருக்கா?" என்று நாங்கள் கத்துவோம். பிறகு அவருக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. 1986இல் கார்டெனியா வெட்டிய ரொட்டியை பிளாஸ்டிக் பையில் விற்க ஆரம்பித்த பிறகு அந்தத் தகரப் பெட்டியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இந்த விறகடுப்புகள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் கேக்கின் ருசி இருக்கிறது. செங்கல்லால் கட்டிய குகை, மேலே வளைந்த கூரை. விறகை உள்ளேயே எரித்துக் கல்லுக்குச் சூடேற்றுவார்கள். தீ அடங்கியதும் தணலை ஒதுக்கிவிட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்தால் கல் சேமித்து வைத்த சூடுதான் மிச்சம். அது கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சேர்ந்து வரும். தொடக்கத்தில் சூடு கடுமை, அப்போது ரொட்டி. தணியத் தணிய பன், அதற்குப் பிறகு கேக், கடைசியில் பிஸ்கட். வெப்பமானி கிடையாது. ஒரு பிடி மாவைத் தரையில் தூவி அது எத்தனை நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். சுடுபவரின் உயரத்தைவிட நீளமான மரத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் இழுப்பதும் தனி வித்தை. மின்சார ஓவனில் கம்பி சூடாவதும் அணைவதுமாக இருக்கும், கல்லில் சூடு இறங்குமுகமாக மட்டுமே போகும். வாழைப்பழம் போன்ற ஈரமும் சர்க்கரையும் நிறைந்த பொருளுக்கு அந்த இறங்குமுகம் ஒத்துப்போகிறது. மேல்தோல் கருகுவதற்குள் நடு வெந்துவிடுகிறது.

அப்பா சம்பள நாளில் வாழைப்பழ கேக் வாங்கி வருவார். அம்மா தொடமாட்டார். முட்டை. வெள்ளிக்கிழமை என்றால் கேக் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. புரட்டாசி முழுக்கவும் அப்படித்தான். தைப்பூச விரதம் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். ஆனால் வாழைப்பழம் கனிந்து கறுக்கும் பிரச்சினை எங்கள் வீட்டிலும் இருந்தது. சாமிக்கு வைத்த சீப்பு, ஜாலான் உங்கு புவானில் உள்ள ராஜமாரியம்மன் கோயில் அர்ச்சனைத் தட்டில் வந்த பழம், யாரோ கொடுத்தனுப்பியது என்று எப்போதும் நாலைந்து பழம் மிஞ்சும். அவற்றைப் பிசைந்து, ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவும் வெல்லப்பாகும் ஏலக்காயும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, பணியாரக் கல்லில் ஊற்றுவார் அம்மா. அந்தக் கல் பாட்டியோடு நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தது. முட்டை இல்லை, பால் இல்லை, கோதுமை இல்லை. இன்று சிங்கப்பூர்க் கடைகளில் இந்த மூன்று 'இல்லை'களையும் பச்சை எழுத்தில் அச்சடித்து ஒட்டி அதற்கொரு விலை வைக்கிறார்கள். பிள்ளையாருக்கு அப்பம் படைக்கிற எந்த ஊரிலும் இது பழைய சங்கதி.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பாட்டி பேசினால் மாவைப் பற்றித்தான் பேசுவார். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை 1942 ஜனவரி 31இல் பாலத்தை உடைத்துவிட்டுப் போனது. கப்பல் நின்றது, கோதுமை நின்றது, அரிசி அளந்து கொடுக்கும் பொருளாயிற்று. மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக்கிழங்குதான். கிழங்கைச் சீவி உலர்த்தி இடித்த மாவில் ரொட்டி சுட்டார்கள். சோயா மாவும் கலந்தார்கள். ஆறினால் செருப்பைக் கடிப்பதுபோல் இருக்குமாம். ஒட்டிப் பிடித்து உப்ப வைக்கும் குளூட்டன் இல்லாத மாவு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. பாட்டி கனிந்த வாழைப்பழத்தை அதில் பிசைந்து இலையில் மடித்து அவிப்பார், அப்போது தொண்டையில் இறங்கும். அந்தக் காலத்துப் பத்து டாலர் நோட்டில் அச்சடித்திருந்ததும் வாழைமரம்தான். வாழை நோட்டு என்றே பெயர். 1945இல் ஜப்பான்காரன் சரணடைந்ததும் அது வெறும் காகிதம். பாட்டியின் பெட்டியடியில் கொஞ்சம் இருந்தது, நாங்கள் கடை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, நீள அச்சில் சுடுகிற 'பனானா பிரெட்' என்பது அமெரிக்கச் சரக்கு. 1930களின் பொருளாதார நெருக்கடியில் கறுத்த பழத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்ற நிலை. சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் மளிகைக்கடைச் சாமானாகிவிட்டிருந்தன. ஈஸ்ட் ஊற வேண்டாம், பிசைய வேண்டாம், கலந்து ஊற்றினால் போதும். மாவுக் கம்பெனிகள் சமையல் புத்தகங்களில் போட்டுப் பரப்பின. எனக்கு அது வந்தது இடைநிலைப் பள்ளியில். மனையியல் வகுப்பு, சமையலறையில் வரிசையாக ஓவன்கள். பதினான்கு வயதில் முதல் முறையாக ஓவன் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த சூடு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த வகுப்பு பெண் பிள்ளைகளை அடுப்படியில் நிறுத்தத்தான் என்று சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் குடியிருப்பின் பெண் பிள்ளைகளுக்கு மேல்சூட்டைக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஆசிரியை ஆனதும் முதல் வேலையாக மேசை மேல் வைக்கிற ஓவன் ஒன்றைத் தவணையில் எடுத்தேன். தீபாவளிக்கு முறுக்கோடு பிஸ்கட்டும் கேக்கும் சேர்ந்தன. அம்மா நெய் பிஸ்கட் மட்டும் எடுத்துக்கொள்வார்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள். உட்லண்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து பார்த்தால் ஜோகூர் பாரு கட்டடங்கள் தெரியும், ஆனால் வர முடியாது. முன்பே அவள் முட்டை, பால், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். உலகம் முழுக்க வாழைப்பழ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அந்த மாதத்தில் ஒரு நாள் போனில் கேட்டாள்:

"பெரியம்மா, கோதுமை மாவு கடையில கிடைக்கல. வீட்ல பக்வீட் மாவு ஒரு பாக்கெட் இருக்கு. முட்டை இல்லாம இதுல சுட வருமா?"

"பாட்டி மரவள்ளி மாவுலயே பண்ணினாங்கடி. வரும்."

வாயால் சொல்லிவிட்டேன். பிறகுதான் அந்த மாவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். பெயரில் கோதுமை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பக்வீட் நெல், கோதுமைபோல் புல்லினம் அல்ல. சுக்காங்கீரைக்கு உறவு. இன்னும் நெருங்கிச் சொன்னால், ஜோகூர் லக்சாவில் போடுகிற கெசோம் இலையும் அதே குடும்பம்தான். முக்கோண வடிவ விதை, குளிர்ந்த மலைநாட்டுப் பயிர், இரண்டரை மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ரஷ்யாவில் கஞ்சி, ஜப்பானில் சோபா நூடல்ஸ், வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குக் 'குட்டு' மாவுப் பூரி. தானியம் சாப்பிடக்கூடாத நாளில் சாப்பிடுகிற மாவு என்பதால் விரதக்காரர்களுக்குத் தோது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வேகிற நம் ஊரில் அது விளையாது. அந்தக் காலத்துக் கோதுமையைப் போலவே இதுவும் கப்பலில் வர வேண்டியதுதான். நூறு கிராமில் 12, 13 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் இதில் தாராளம். நார்ச்சத்தும் மெக்னீசியமும் மைதாவைவிட மிக அதிகம். குளூட்டன் அறவே இல்லை.

சத்தெல்லாம் சரி, சுடும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. முட்டை மூன்று வேலை செய்கிறது: பிடித்து வைக்கிறது, காற்றைத் தாங்குகிறது, ஈரம் தருகிறது. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஈரமும் பிடிப்பும் தரும், காற்றைத் தாங்காது. பக்வீட்டுக்கு ஒரு கொழகொழப்பு உண்டு, தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று இறுகும். அதைக் குறை என்று எழுதுகிறார்கள். முட்டை இல்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கிறது. என் அளவு இது: தோல் கறுத்த பெராங்கான் பழம் நான்கு, பக்வீட் மாவு 220 கிராம், குலா மெலாக்கா வெல்லம் துருவியது 100 கிராம், தேங்காய் எண்ணெய் 80 மில்லி, கெட்டித் தேங்காய்ப்பால் 120 மில்லி, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, உப்பு, ஏலக்காய். தேங்காய்ப்பாலில் லீமாவ் கஸ்தூரி என்கிற சிற்றெலுமிச்சை இரண்டைப் பிழிந்துவிட்டால் சோடாவுக்குப் புளிப்பு கிடைக்கும். ஈரப் பொருள்களில் மாவை மட்டும் கலந்து கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். இல்லாவிட்டால் வாயில் மணல் தட்டும். சோடாவும் பேக்கிங் பவுடரும் கடைசியில். 175 டிகிரியில் ஐம்பது நிமிடம் போல ஆகும், நடுவில் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டோடு வெட்டினால் பொலபொலவென்று உதிரும். முழுக்க ஆற வேண்டும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

ரஸ்தாளி போட்டுப் பார்க்காதீர்கள், அதன் புளிப்பும் பசையும் இதற்கு ஆகாது, பூஜைக்கே வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் அடுக்கியிருக்கும் கேவண்டிஷ் பரவாயில்லை, வாசனை குறைவு. அந்தக் கேவண்டிஷுக்கும் ஜோகூரில் ஒரு சோகக் கதை உண்டு. 1990களில் இங்கே பெருந்தோட்டமாகப் போட்டபோது மண்ணிலிருந்து வேரேறும் வாடல் நோய் தாக்கி அழித்தது. பனாமா நோயின் புதிய வகை என்று கண்டுபிடித்தார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. ஒரே ரகத்தை ஏக்கர் ஏக்கராகப் போடாத கம்போங் கொல்லைகளில் கலந்துகட்டி நின்ற வாழைகள் இன்னும் பழம் தருகின்றன.

இந்த ரொட்டி ஹியாப் ஜூ கேக் மாதிரி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இருக்காது. அந்தப் பஞ்சு மென்மை முட்டையும் கல்லடுப்பும் சேர்ந்து கொடுப்பது. இது சாம்பல் கலந்த பழுப்பு நிறம், மண்வாசனை, கொஞ்சம் கனம். சுவையில் அம்மாவின் பணியாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. தங்கை மகள் 2021 நவம்பர் கடைசியில் பாலம் பேருந்துக்குத் திறந்ததும் டிக்கெட் பிடித்து வந்தாள். வந்தவுடன் அவள் அம்மாவுக்காக ஹியாப் ஜூ வரிசையில் நின்றாள், தனக்கு என் வீட்டு ரொட்டி. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். தங்கை பக்வீட்டில் ஒரு துண்டு கடித்துவிட்டு, "விரதத்துக்கு நல்லா இருக்கும்" என்றாள். அவள் அகராதியில் அது பாராட்டு இல்லை.

இப்போது எங்கள் தாமானில் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கு என்னிடம் சொல்லி வைத்து வாங்கிப் போகிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறேன். பக்வீட் ஒத்துக்கொள்ளாத உடம்புகள் உண்டு, கடுமையான ஒவ்வாமைகூட வரும். ஜப்பானில் உணவுப் பொட்டலத்தின் மேல் அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே புதிதாகச் சாப்பிடுகிறவர் முதலில் சின்னத் துண்டாக எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்கு இன்னும் சின்னதாக.